கண்ணாடியில் மூன்று தட்டு

2024 ஜூன் 9 அன்று கடலூரில் ராக் பாடகி சிந்துஜா தன் இசைக்குழுவிலிருந்து விலகினாள்.

"அதோட பாட்டும் முடிஞ்சுது," என்றான் கணவன் சிலம்பரசன்.

மறுமாதம் ஒருநாள், சிதம்பரத்து அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அவள் காரில் கிளம்பினாள். ஒரு மணி நேரம் கழித்து சிலம்பரசனுக்கு நண்பன் அருள்மொழி போன் செய்தான்.

"மச்சான், ஒன் காரு கிள்ளை ரோட்டுல நிக்குது. கண்ணாடிக்கு உள்ள கம்பளி கட்டியிருக்கு. வண்டி வேற ஆடுது."

சிலம்பரசன் பைக்கில் பறந்தான். காருக்குள் அலறல் கேட்டது. கண்ணாடியை மூன்று முறை ஓங்கித் தட்டினான்.

கதவைத் திறந்த சிந்துஜா தனியாக, கையில் மைக்கோடு இருந்தாள்.

"ரெக்கார்டிங் நடக்குது. கம்பளி கட்டுனா எதிரொலி வராது. நீங்க யாரத் தேடி வந்தீங்க?"



ஆகஸ்டில் அவளுடைய முதல் தனிப்பாடல் வெளியானது. நடுவில் மூன்று தட்டு கேட்கிறது. கீழே, 'தாளம்: சிலம்பரசன்' என்று போட்டிருக்கிறது.