முறுக்கு டப்பா

சாப்பாட்டு வேளையில் வீட்டிலுள்ள போன்கள் எல்லாம் முறுக்கு டப்பாவுக்குள் போய்விட வேண்டும் என்பது ஜெபா போட்ட சட்டம். அவள் இறந்த பிறகும் எட்வின் அதை மீறவில்லை. அவளுடைய போனுக்கும் தவறாமல் சார்ஜ் ஏற்றி அதே டப்பாவில் வைத்தான். அதன் பூட்டுதான் திறக்கவில்லை. கல்யாண நாள், மகள் ஷைனி பிறந்த நாள் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டான்.

ஞாயிறு மதியம் பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பியவனுக்கு வாசலிலேயே ஜெபாவின் சிரிப்பு கேட்டது. அந்த போன் ஷைனியின் மடியில் இருந்தது.

"உனக்கு நம்பர் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலயே அம்மா சொல்லிட்டாங்க."

கடைசிவரை அந்தக் கட்டிலருகிலேயே இருந்தவன் அவன். மருந்து வாங்கப் போன நேரத்தில் சொல்லியிருப்பாளோ?

"நான் தினமும் போட்டுப் பாக்குறத நீ பாத்துட்டுத்தானே இருந்தே?"

"அப்பாட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. சொன்னா, சோறு தண்ணி இல்லாம இதையே பாத்துட்டுக் கிடப்பீங்களாம்."

அவன் கையை நீட்டினான். ஷைனி போனை அணைத்து டப்பாவில் போட்டு, டப்பாவை அவனிடம் நீட்டினாள்.

"உங்களுதயும் போடுங்கப்பா. பிரியாணி ஆறிடும்."

எட்வின் டப்பாவை வாங்கவில்லை; ஜெபாவின் போனுக்காக நீட்டிய கையை மடக்கவுமில்லை.