கீழ்ப்படியாத சிப்பாய்

“யாரையும் கூப்பிடாதே. இது என் உத்தரவு!” மேஜர் உறுமினார்.

“மன்னிக்கணும் சார், என்னால ஒருத்தனா சமாளிக்க முடியாது” என்றான் புதுச் சிப்பாய்.

“எதிர்த்தா பேசுற? உன்னை என்ன செய்யறேன் பாரு!”

“அப்புறமா செய்யுங்க சார்.” அவன் விசிலை ஊதினான். மைதானத்தில் இருந்த படையே ஓடி வந்தது.

ஊர்ந்து போவது எப்படி என்று அவனுக்குச் செய்துகாட்டப் போன மேஜர், பயிற்சிக் குழாய்க்குள் தொந்தி சிக்கி, கால்கள் மட்டும் வெளியே தெரியக் கிடந்தார்.

நாலு பேர் இழுத்ததும் சட்டைப் பொத்தான்கள் தெறிக்க வந்து விழுந்தார். சிரிப்பை அடக்கியதில் எல்லாருக்கும் கண் கலங்கியிருந்தது.

சிப்பாய் விறைப்பாக நின்றான். “என்ன தண்டனை சார்?”

மேஜர் தொந்தியைத் தடவியபடி தானே முதலில் சிரித்தார். “தினமும் காலையில என்னை ஓட வைக்கணும். நிறுத்துடான்னு நான் எவ்வளவு கத்தினாலும் கீழ்ப்படியக் கூடாது!”