புதுக் காபரேட்டர்

ஸ்கந்தபுரத்து வயல்வரம்பில், காலை வெயிலில், கணவன் பிரதாபனின் பெற்றோலில் ஓடும் மாதிரி ஹெலிகொப்டரின் விசிறித் தலையை மேனுகா இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். எஞ்சினுக்குப் பெற்றோலைக் கலந்து கொடுக்கும் பழைய காபரேட்டரைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பூட்டியிருக்கிறான் அவன். "அசையாமப் பிடியும், ஒருக்கா இழுக்கிறன்." கயிற்றை இழுத்ததும் எஞ்சின் மெல்ல முனகவில்லை, ஒரேயடியாக அலறுகிறது. ரிமோட்டில் வேகத்தைக் குறைக்கிறான், குறையவில்லை. கை நீள விசிறித் தகடுகள் சுழலத் துடித்து அவள் உள்ளங்கையை முறுக்குகின்றன. "விட்டிடாதையும், கழுத்துக்குத்தான் வரும்!" "எண்ணெய் வழுக்குதப்பா, என்னால ஏலாது!" அவள் கண்களை மூடிக்கொள்கிறாள். அவன் தகடுகளுக்குக் கீழே தவழ்ந்துபோய், பெற்றோல் குழாயை விரல்களால் நசுக்கிப் பிடிக்கிறான். அப்போதும் நிற்காமல், குழாயில் மிஞ்சியதையும் குடித்து முடித்த பிறகுதான் இருமி அடங்குகிறது எஞ்சின். "முடிஞ்சுது, இனி விடும்." விரல்கள் விரியவில்லை, ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்தெடுக்கிறான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்து வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த விமலேஸ்வரி அக்கா, சண்டைக்காலத்தில் ஹெலி இரைந்தால் விழுந்து படுப்பதுபோல, தலையை இரு கைகளாலும் பொத்தியபடி சேற்றில் குப்புறக் கிடக்கிறாள். "அக்கா, நிண்டிட்டுது, எழும்புங்கோ!" என்று மேனுகா கத்துகிறாள். அக்கா எழும்பவில்லை.