எடித்தம்மாவின் தமிழ்ப் பரீட்சை

“அரிசி இல்லேன்னு சொல்லாதம்மா! நெறஞ்சிருக்குன்னு சொல்லு!”

சமையல்காரி ஆரோக்கியமேரி போட்ட சத்தத்தில் எடித்தின் கையிலிருந்த மூடி நழுவியது. பானைக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். அடியில் நாலு மணிகூட இல்லை.

“காலியா இருக்கே, மேரி?”

“காலியா இருந்தா இன்னா? இல்லேன்னு வாயால சொன்னா ஊட்ல தங்குமா? நெறஞ்சிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் கடைக்கு ஓடி வாங்கியாந்துடுவேன்.”

எடித் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்: ‘நிறைந்திருக்கிறது என்றால் காலி.’

ராணிப்பேட்டைக்கு அவள் தமிழ் படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கிலாந்தில் நர்ஸ் படிப்பை முடித்தவள்தான். ஆனாலும் தமிழ்ப் பரீட்சையில் தேறாமல் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியையும் தொடக்கூடாது என்பது சட்டம். இரண்டு தடவை போய் இரண்டிலும் கோட்டை விட்டாயிற்று. இது 1911, மூன்றாவது தடவை. இதிலும் தவறினால் கப்பல் டிக்கெட்டை வாங்கிக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

திரும்பிப் போக அவளுக்கு மனசே இல்லை. கொசு, வெயில், கண்ணில் நீர் வரவழைக்கும் குழம்பு எல்லாவற்றோடும் சேர்த்து இந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. மற்ற வெள்ளைக்காரர்கள் தோல் வாடைக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் தெருவில் அவள் மட்டும் ஆசையாக மூச்சை இழுத்து விடுவாள். இங்கிலாந்தில் அவளுடைய அப்பாவும் தோல் பதனிடுகிறவர்தான்.

தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் சொல்லித்தரும் முன்ஷி பஞ்சாட்சரம் வந்து இலக்கணம் நடத்துவார். மீதி நாள் முழுக்க மேரி பேசுவாள். மேரியின் இலக்கணமே வேறு. விளக்கை ‘அணை’ என்பது குற்றம். வெளியே கிளம்புகிறவரை ‘எங்கே’ என்று கேட்பது குற்றம். ஒருநாள் அடுத்த வீட்டு வாசலில் நின்று எடித் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டாள். அதற்குச் சாயங்காலம் வரை திட்டு விழுந்தது. எல்லாம் நோட்டில் ஏறியிருந்தது.

நோட்டைப் பார்த்த முன்ஷி தலையில் அடித்துக்கொண்டார்.

“இதெல்லாம் எந்த நூல்ல இருக்கு? இந்தச் சமையற்கட்டுத் தமிழோட பரீட்சைக்குப் போனா பூஜ்யம்தான் கெடைக்கும்.”

பரீட்சை அரக்கோணத்தில். எடித், முன்ஷி, மேரி மூன்று பேரும் வாலாஜா ரோட்டில் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த பண்டிதர் ராமலிங்கம் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். எடித்துக்கு முன்னால் போன இரண்டு துரைகளும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். சன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த முன்ஷிக்குப் புல்லரித்துப்போயிற்று. “ஒரு பிசகு இல்ல! தமிழ்னா இதல்லவா தமிழ்!”

எடித் உள்ளே போனாள்.

“காலையில் என்ன உண்டீர்கள்?” என்று கேட்டார் பண்டிதர்.

“வாளப்பளம்.”

பண்டிதரின் புருவம் ஏறியது. “அதன் சுவை எவ்வாறிருந்தது?”

அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. “இன்னா?” என்று கேட்டுவிட்டாள்.

சன்னலுக்கு வெளியே முன்ஷி கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாமே தடுமாற்றம்தான். எட்டு வேற்றுமையில் ஐந்துக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. பண்டிதர் குறிப்பேட்டை மூடினார். மைக்கூட்டையும் மூடினார்.

“சரி. நீங்கள் போகலாம்.”

எடித் எழுந்தாள். கப்பல் டிக்கெட் கண் முன்னால் வந்து நின்றது. குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தவளுக்கு முன்ஷி சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

“போய்ட்டு வர்றேங்க” என்றாள்.

“நல்லது, வாங்க” என்றார் பண்டிதர்.

வெளியே முன்ஷி பொரிந்து தள்ளினார். “கடைசி வார்த்தையாவது சுத்தமா சொல்லக் கூடாதா? ‘போய்ட்டு வர்றேங்க’வாம்! எல்லாம் உன் உபயம்தான், மேரி!”

 மேரி எடித்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கட்டுச்சோற்றை அவிழ்த்தாள். எடித்துக்குச் சோறு இறங்கவில்லை.

அரை மணி கழித்துப் பண்டிதர் ஒரு தாளோடு வந்து முன்ஷியிடம் நீட்டினார். தேறியவர்கள் என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு பெயர் இருந்தது. அது எடித்தின் பெயர்.

முன்ஷி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஐயா, பேர் மாறிப்போச்சுங்களா? அந்த ரெண்டு துரைங்களும் எட்டு வேற்றுமையையும் கடகடன்னு ஒப்பிச்சாங்களே! என் காதால கேட்டேன்.”

“ஒப்பிச்சாங்க, நான் இல்லேன்னு சொல்லல” என்றார் பண்டிதர். “ஆனா மார்க் ஜாஸ்தி கடைசிக் கேள்விக்குத்தான். ‘நீங்கள் போகலாம்’னு கேட்டேன். ரெண்டு பேரும் ‘போகிறேன்’னு பதில் சொல்லிட்டாங்க.”