கப்பை மேல் விழுந்த பழி

"நன்றி கெட்டவ! வளர்த்துவிட்ட மனுஷனையே மேடை ஏறிக் கவுத்துட்டா!"

கோட்டயம் மருத்துவ மாநாட்டு வாசலில் டாக்டர் பௌலோஸ் கொதித்துக்கொண்டிருந்தார்.

கணையத்தில் கல் சேர்ந்து, சின்ன வயதிலேயே சர்க்கரை நோயும் வந்து மனிதர்கள் சாவது ஏன்? மரவள்ளிக்கிழங்கில் இருக்கும் நஞ்சுதான் காரணம் என்று ஆராய்ந்து சொல்லிப் பேரெடுத்தவர் பேராசிரியர் குருவிளா. மரவள்ளிக்கு அங்கே கப்பை என்று பேர்; ஊரே அவரை 'கப்பை சார்' என்றுதான் கூப்பிடும்.

அவரிடமே படித்து, அவர் துறையிலேயே வேலை பார்க்கும் டாக்டர் த்ரேஸ்யா இன்று மேடையில், அவர் முன்வரிசையில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"கப்பையைத் தொடாதவங்களுக்கும் இந்த நோய் வருது. நோயாளிகள் பலருக்கு ஒரு மரபணுவில் மாற்றம் இருக்கு. கப்பை மேல பழி போட ஆதாரமில்லை."

குருவிளா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

வெளியே வந்த த்ரேஸ்யாவை பௌலோஸ் மடக்கினார்.

"அவர் ரிட்டயர் ஆகிற வரைக்குமாவது பொறுக்க முடியலையா உனக்கு?"

"நானும் அதைத்தான் சார் நினைச்சேன்..." கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் நிற்காமல் போய்விட்டாள்.

பௌலோஸுக்கு மனசு கேட்கவில்லை. நேரே குருவிளா வீட்டுக்குப் போனார். அவர் மனைவி ஏலியாம்மா கதவைத் திறந்தாள்.

"சார் எப்படி இருக்கார் சேச்சி?"

"அடுக்களையில இருக்கார். நீயே போய்ப் பாரு."

குருவிளா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாடா பௌலோசே! மார்க்கெட்ல மத்தி தீர்ந்துடுமேன்னுதான் பாதியில ஓடி வந்தேன். கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு!"

"நீங்க சாப்பிடறதே இல்லையா?"

"ஊருக்கெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு நான் மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்?"

"அவளைச் சும்மா விடக்கூடாது சார். மறுப்பு எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்."

குருவிளா கத்தியைக் கீழே வைத்தார்.

"மலைக்காட்டு அம்மா ஒருத்தி, மரியக்குட்டின்னு பேரு. மகன் இந்த நோய்ல போயிட்டான். 'அரிசிக்கு வக்கில்லாம கப்பையைப் போட்டு நானே கொன்னுட்டேனே சாரே'ன்னு என் முன்னாடி தலையில அடிச்சுக்கிட்டா. அவளுக்கு அப்படித் தோண வெச்சது யாரு? நான்! பக்கத்துல அவளோட மத்த பசங்க நிக்கறாங்க. அதே பானையில தின்னவங்க. ஒரு நோயும் இல்லாம கல்லு மாதிரி இருக்காங்க. அன்னிக்குப் போச்சுடா என் தூக்கம்."

"அப்போ நீங்களே ஆராய்ஞ்சிருக்கலாமே?"

"என் கண்ணு எனக்குச் சாதகமாத்தான் பார்க்கும். த்ரேஸ்யாகிட்ட கொடுத்தேன். மாட்டேன்னு அழுதா. இத்தனை வருஷம் சேர்த்து வெச்ச நோயாளிகளோட ரத்த மாதிரிகளையெல்லாம் அவ கையில திணிச்சு, 'நான் தப்பு பண்ணியிருந்தா தயவு பார்க்காமக் கண்டுபிடி, ஊரறியச் சொல்லு'ன்னு நான்தான்டா கெஞ்சினேன்."

பௌலோஸ் கீழே இருந்த கத்தியை எடுத்து மீதிக் கிழங்கை உரிக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு நானும் த்ரேஸ்யாவும் மரியக்குட்டி வீட்டுக்குப் போறோம். நீ உன் மகனைக் கொல்லலைன்னு சொல்ல. வண்டி ஓட்ட ஆள் வேணும், வர்றியா?"