ஒன்பதாம் மெஷின்

முதலாளி மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார்.

எதிரே நாற்காலி நுனியில் முனீஸ்.

வேலம்பாளையம் கம்பெனியில் எத்தனை பனியன் தைத்து முடிந்தது என்று முதலாளி இனி எங்கிருந்தும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்கான சாஃப்ட்வேரை எழுதத்தான் முனீஸ் பார்த்த வேலையை விட்டிருந்தான். இன்று இவர் வேண்டாம் என்றால் ஆறு மாத உழைப்பும் வீண்.

அந்த ஆறு மாதமும் வீட்டை ஓட்டியது மனைவி விஜயராணியின் சம்பளம். இப்போது அவளுக்கு மூன்று மாதம். "மசக்கையெல்லாம் நின்னுபோச்சு, நீங்க தெம்பாப் போய்ட்டு வாங்க" என்று காலையில்கூடச் சொன்னாள்.

"ஏனுங் தம்பி, கீழ என்னமோ வரிவரியா ஓடுதுங்களே?"

முனீஸ் எட்டிப் பார்த்தான்.

கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடிய சாஃப்ட்வேர், போனில் போட்டால் பாதியில் படுத்துக்கொண்டது. எங்கே கோளாறு என்று தெரிய, உள்ளே நடப்பதையெல்லாம் திரையிலேயே எழுதிக் காட்டும்படி செய்திருந்தான். அவன் ஒருவன் பார்ப்பதற்கான வரிகள். கோளாறு சரியானதும் எடுத்திருக்க வேண்டும். மகராசன் மறந்துவிட்டான்.

அசடு வழிய விளக்கினான். எந்தத் தையல் மெஷின் எப்போது நின்றது, எப்போது ஓடியது என்று அதனடியில் மாட்டிய பெட்டி சொல்கிறது. ஒரு நொடி பிசகாது.

முதலாளி பனியனை மறந்தே போனார்.

எம்-9 ஸ்டாப் 10.52
எம்-9 ஸ்டார்ட் 11.01
எம்-9 ஸ்டாப் 11.14
எம்-9 ஸ்டார்ட் 11.22
எம்-9 ஸ்டாப் 11.33

"ஒம்பது மட்டும் நின்னு நின்னு ஓடுதுங்களே. நெசந்தானுங்களா இது?"

தப்பாகக் காட்டுகிறது என்றால் சாஃப்ட்வேர் போச்சு. சரிதான் என்றால் ஒன்பது போச்சு.

முனீசின் பாழாய்ப்போன தலை ஆமென்று ஆடியது.

முதலாளிக்கு ஏகத்துக்கும் சந்தோஷம். இந்த வரிகளை எடுக்கவே கூடாது என்றார். கையோடு சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, ஒன்பதாம் மெஷின் டெய்லரை மத்தியானத்தோடு கணக்கு முடித்து அனுப்பிவிடச் சொன்னார்.

முனீஸ் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான்.

டெய்லரின் புருஷன் என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்கள், கம்பெனிக்குள் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று அவன்தான் வீட்டில் சொல்லிவைத்திருந்தான். போன வாரம் அவன் குனிந்து பெட்டியை மாட்டியபோது, முகத்தைக்கூடப் பார்க்காமல் நகர்ந்து வழிவிட்டாள் ஒன்பதாம் மெஷின் விஜயராணி.

போனில் அடுத்த வரி வந்தது.

எம்-9 ஸ்டார்ட் 11.41