பெட்டிக்கு மட்டும்

மாலை வெயில் வாவித் தண்ணீரில் சாய்ந்து கிடக்க, தச்சுவேலைக்கார ஆர்னோல்டின் சவப்பெட்டி நாலு பேர் தோளில் ஒடுங்கிய இரும்புப் பாலத்தில் ஏறுகிறது. அவன் மனைவி கிளாறிஸ் தன் தமையன் ஹோரேஸின் கையைப் பிடித்தபடி பத்தடி பின்னால் வருகிறாள். ‘சைக்கிளை உருட்டிச் செல்லவும்’ என்ற பலகை பாலத்தின் தலைப்பில் துருவேறித் தொங்குகிறது. அதை மதித்து ஒருவனும் இறங்கி அவள் கண்டதில்லை. போன செவ்வாய் இதே இடத்தில்தான், மணிகூட அடிக்காமல் பறந்து வந்த எவனோ ஒருவன் ஆர்னோல்டைக் கம்பியோடு மோதித் தள்ளிவிட்டு நில்லாமல் போனான். இன்றைக்கோ பெட்டியைக் கண்டதும் எதிரே வருகிற சைக்கிள்காரர் எல்லாரும் குதித்து இறங்குகிறார்கள். மடித்துக் கட்டிய சாரனை இறக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து ஓரமாக நிற்கிறார்கள். கிளாறிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். அந்தச் செவ்வாய்க்காரனும் இவர்களுக்குள் நிற்கக்கூடும். “மனிசன் உயிரோட நடக்கக்குள்ள ஒருத்தனும் இறங்கல்லயே அண்ணா,” என்கிறாள். பெட்டி தாண்டினதுதான் தாமதம், தொப்பிகள் தலைக்குப் போகின்றன, கால்கள் மிதிக்கட்டைக்குப் போகின்றன. மணிச்சத்தம் அவளை நோக்கி வருகிறது. ஹோரேஸ் அவள் தோளைப் பிடித்துக் கம்பியோரம் இழுக்கிறான். “தங்கச்சி, சைக்கிள் வருது. ஓரத்துக்கு வா.”